மாதிரி நேர்காணலில் நேர்ந்த விபத்து

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன்பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதையும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருவழியாக 'மாதிரி நேர்காணலை'க் கண்டுபிடித்தது. மூன்றில் கடைசிதான் பெரிது. நெருப்பு சுடும், சக்கரம் காலில் ஏறினால் வலிக்கும். மாதிரி நேர்காணலால் யாருக்கும் எதுவும் ஆகாது. வேலைகூடக் கிடைக்காது.

இந்த அரிய கலையின் தலைமைப் பீடம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. 'இடர்நிலை இளைஞர் கரைசேர்ப்பு மையம்' என்பது அதன் திருநாமம். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வேலை தேடிச் செருப்பு தேய்ந்தவர்கள், வீட்டில் தண்டச்சோறு என்று பேர் வாங்கியவர்கள் எல்லோரையும் மையம் இருகரம் நீட்டி வரவேற்றது. 'இளைஞர்களைப் படிப்பிலும் பயிற்சியிலும் வேலையிலும் சேர்த்துவிடுகிறோம்' என்று கீழே வாசலில் ஒரு போர்டு. அந்தப் போர்டை ஊரே படித்திருக்கிறது. நம்பியவர் ஒரே ஒருவர்தான். வினை அவர் மூலம்தான் வந்தது.

கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. மூச்சு வாங்க நான்கு மாடி ஏறுவதே 'விடாமுயற்சிப் பயிற்சி'யின் முதல் பாடம் என்று மையம் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது. மற்றப் பாடங்களும் சளைத்தவை அல்ல. கைகுலுக்குவது எப்படி என்பதற்கு ஒரு மாதம். கண்ணைப் பார்த்துப் பேசுவதற்கு ஒரு மாதம். நாற்காலியில் உட்காருவதற்கு ஒரு மாதம். எழுந்திருப்பது மேல்நிலைப் பாடம். அதற்கு இன்னும் நிதி வரவில்லை.

இத்தனையையும் சொல்லிக்கொடுத்தவர் 'வழிகாட்டி' என்ற பதவியில் இருந்த ஒரு மனிதர். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வழுக்கை விழுந்த முன்மண்டை அதற்கு முன்பே நெருங்கிவிட்டது. அவரும் ஒருகாலத்தில் பல வருஷம் வேலையில்லாமல் கிடந்தவர்தான். அவரைக் கரைசேர்த்தது மாதிரி நேர்காணல் அல்ல. மையத்தின் தலைமை மேடத்துடைய கணவரும் வழிகாட்டியின் அக்கா வீட்டுக்காரரும் காலையில் சேர்ந்து நடைப்பயிற்சி போகிறவர்கள். நடந்ததில் ஒரு வேலை நடந்துவிட்டது. வெற்றிகரமான இந்த முறையைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாமே என்று அவர் ஒருமுறை யோசித்தார். எல்லோருக்கும் அப்படி ஓர் அக்கா வீட்டுக்காரர் அமைவதில்லையே என்று கைவிட்டார்.

மையத்தின் நட்சத்திரம் 'வாயாடி'. பத்தொன்பது வயதுப் பெண். வந்த புதிதில் வாயைத் திறக்கவே மாட்டாள் என்பதால் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் அது. வழிகாட்டி தலைகீழாக நின்று அவளைப் பேச வைத்தார். இப்போது அவள் கைகுலுக்கினால் எதிரில் இருப்பவருக்கே தன்னம்பிக்கை வந்துவிடும். 'உங்கள் பலவீனம் என்ன?' என்று கேட்டால், 'எடுத்த வேலையை முடிக்காமல் என்னால் தூங்க முடியாது' என்று, எந்த வேலையையும் எடுக்காமலேயே, கணீரென்று சொல்வாள்.

அவள் வீட்டு நிலைமை வழிகாட்டிக்குத் தெரியும். அம்மா ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கிறவள், இடுப்பு போய்விட்டது, இனிமேல் குனிந்தால் நிமிர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாயாடிக்கு இந்த மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் தங்கச்சி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மா இடத்துக்குப் போக வேண்டும். இதை வழிகாட்டி கவலையோடு மேடத்திடம் சொன்னபோது மேடத்தின் முகம் மலர்ந்தது. "தங்கச்சியும் படிப்பை விடுறாளா? சரி, இங்கேயே சேத்துக்குவோம். ஒரு நாற்காலி காலியாத்தானே இருக்கு" என்றார். மேடத்துக்குத் தாய் மனசு.

அந்தப் புதன்கிழமை மாதிரி நேர்காணல் தினம். மறுநாள் பதினொரு மணிக்கு, மையத்துக்குப் பணம் கொடுக்கும் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. குழு தலையசைத்தால் மையம் இன்னும் மூன்று வருஷம் ஓடும்; வழிகாட்டியின் வேலையும் ஓடும். குழு முன்னால் வாயாடி வரவேற்புரை சொல்லி, மாதிரி நேர்காணலும் செய்துகாட்ட வேண்டும். அதற்கான ஒத்திகைதான் இன்றைக்கு. ஒத்திகைக்கே ஒத்திகை பார்க்கும் அளவுக்கு மையம் வளர்ந்திருந்தது.

முதலாளி வேஷம் போடுவது வழக்கமாக ஒரு ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். அன்றைக்கு அவரைக் காணோம். வழிகாட்டி வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, நீல நிறச் சட்டை போட்ட ஒரு மனிதர் உள்ளே எட்டிப் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ்.

"கீழே போர்டு பாத்தேன். எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றார்.

பேங்க் மேனேஜர் தனக்குப் பதிலாக யாரையோ அனுப்பிவிட்டார் என்று வழிகாட்டிக்கு உயிர் வந்தது. வந்தவரோ உள்ளே நுழையும்போதே வசனம் பேசுகிறார். நகக்கண் வரை கறுப்புப் பூசிக்கொண்டு வந்திருக்கிற சிரத்தையை என்னவென்று சொல்வது? "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்று இழுத்துக்கொண்டு போய், முதலாளி வேஷத்துக்கென்று மையம் வைத்திருந்த கோட்டை மாட்டிவிட்டு, கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார். வந்தவர், இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று கோட்டைப் போட்டுக்கொண்டார். ஆள் எடுக்க வருகிறவருக்கே உடுப்பு கொடுக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய இடம் என்று அவருக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது.

வாயாடி உள்ளே வந்தாள், குலுக்கினாள், உட்கார்ந்தாள். மேடமும் மற்ற இளைஞர்களும் சுவரோரம் வரிசையாக அமர்ந்து பார்த்தார்கள். நீலச்சட்டைக்காரர் கேள்வித்தாளைப் பார்த்தார். 'ஐந்து வருடம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?' என்பது முதல் கேள்வி. "இது எனக்கே தெரியாதே" என்று முணுமுணுத்து, தாளை மடித்துக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, உயரத்துல நின்னா தலை சுத்துமா?"

பாடத்தில் இல்லாத கேள்வி. "சுத்தாது சார்."

"லிஃப்ட் ரிப்பேர் வேலை. கை அழுக்காகும்."

"எங்கம்மா கையைவிட அழுக்காகாது சார்."

அவர் தலையாட்டிக்கொண்டார். கற்றுக்கொள்ளும் வரை பாதிச் சம்பளம், அப்புறம் முழுச் சம்பளம் என்றார். சாயங்காலம் லிஃப்ட் வேலைக்கென்றே ஒரு படிப்பு நடக்கிறது, என்னிடம் இருக்கிற ஆட்கள் எல்லோரையும் அதில் சேர்த்திருக்கிறேன், உன்னையும் சேர்க்கிறேன் என்றார். படிப்பு, பயிற்சி, வேலை என்று கீழே போர்டில் எழுதியிருந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இந்த வேகம் மேடத்துக்குப் பிடிக்கவில்லை.

"வீடு எங்கே? எந்த பஸ்ல வருவே?" என்று கடைசியாகக் கேட்டார்.

வாயாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவரையே உற்றுப் பார்த்தாள். பழைய வாயாடியாக ஆகிவிட்டாளோ என்று வழிகாட்டி எட்டிப் பார்த்தார். பிறகு அவள் மெதுவாக பஸ் நம்பரைச் சொன்னாள்.

"சரி, நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி பின்வாசலுக்கு வந்துடு. நோயாளிங்களைத் தூக்கிக்கிட்டுப் படியேறுறாங்க, அவசர வேலை. நீ வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மேடம் எழுந்து, விருந்தினரின் நடிப்பை மனதாரப் பாராட்டிவிட்டு, ஒரே ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க. நிஜ முதலாளி இவ்வளவு சுலபமா ஆள் எடுக்க மாட்டார்."

"அவர் எப்படி எடுப்பார்?"

"எடுக்கவே மாட்டார்."

நீலச்சட்டைக்காரர் மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போய் லிஃப்டில் ஏறினார். அது சத்தமில்லாமல் இறங்கியது. அதே லிஃப்ட் திரும்ப மேலே வந்தபோது, கன்னம் வீங்கிப்போய் பேங்க் மேனேஜர் அதிலிருந்து இறங்கினார். பல் டாக்டர் விடவில்லை, மன்னிக்க வேண்டும், லிஃப்ட் ரிப்பேர்காரர் கீழே சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறார், தங்கமான மனுஷன், வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறார் என்றார்.

மையத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

உடனே மேடத்தின் அறையில் அவசரக் கூட்டம் கூடியது. மையத்தின் வரலாற்றிலேயே ஒரு நிஜ முதலாளி உள்ளே புகுந்தது அதுதான் முதல் தடவை. எப்படிப் புகுந்தார், யார் விட்டது என்று விசாரணை நடந்தது. வழிகாட்டி அசடு வழிந்தார். முதலாளி என்று சொல்லிக்கொண்டு இனிமேல் வருகிறவர்கள், தாங்கள் நிஜ முதலாளி அல்ல என்பதற்குத் தக்க ஆதாரம் காட்ட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"நாளைக்கு அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா குழுவுக்கு யாரைக் காட்டுறது? நடந்தது மாதிரிதான்னு அவகிட்ட சொல்லிடுங்க" என்றார் மேடம்.

"பொய் சொல்லணுமா மேடம்?"

"பொய் இல்ல. மாதிரி உண்மை."

வழிகாட்டி தலையாட்டினார். அவருடைய ஒப்பந்தமும் மேடத்தின் மேஜையில்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தது. சாயங்காலம் மாடிப்படியில் வாயாடியைப் பிடித்தார். லிஃப்ட் ஓட ஆரம்பித்த பிறகும் பழக்கதோஷத்தில் அவள் படியில்தான் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வந்தவரும் பேங்க் சார் மாதிரிதாம்மா. ஒத்திகை. காலையில நேரே இங்கே வந்துடு."

"நிஜமாவா சார்?"

"ஆமா."

"கண்ணைப் பாத்துச் சொல்லுங்க சார். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

வழிகாட்டி முயன்றார். ஒரு மாதம் நடத்துகிற பாடம். சுவரைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார், அவள் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார். கண்ணை மட்டும் பார்க்க முடியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலையில்லாமல் கிடந்த அத்தனை வருஷங்களிலும், எந்த பஸ்ஸில் வருவாய் என்று ஒருத்தர் தன்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருக்கவே மாட்டோம் என்று தோன்றியது.

"நடிக்கிறவங்க யாரும் எந்த பஸ்னு கேக்க மாட்டாங்க சார்" என்றாள் வாயாடி. "அப்பவே எனக்குத் தெரியும். நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பாக்கத்தான் நின்னேன்."

வழிகாட்டி சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"ஏழு மணி பஸ்ஸையே பிடிச்சிடு. அடுத்தது நேரத்துக்கு வராது."

அந்தப் பதவிக்கு வந்ததிலிருந்து அவர் யாருக்கேனும் காட்டிய முதல் வழி அதுதான்.

மறுநாள் குழு வந்தது. மூன்று பேர், மூவர் முகத்திலும் இரக்கம் வழிந்தது. வாயாடி வரவில்லை. மேடம் வழிகாட்டியைப் பார்த்த பார்வையில் ஒப்பந்தம் பாதி எரிந்துவிட்டது. மற்ற இளைஞர்கள் இன்னும் கைகுலுக்கும் பாடத்தையே தாண்டவில்லை; வேறு வழியில்லாமல் வழிகாட்டியே 'இடர்நிலை இளைஞராக' மாதிரி நேர்காணலில் உட்கார்ந்தார். இளைஞர் என்று சொல்வதற்குக் குழுவில் ஒருவர் சற்றுத் தயங்கினார். கஷ்டப்பட்டவர்களுக்குச் சீக்கிரம் மூப்பு வந்துவிடும் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் விளக்கினார்.

"இந்த வேலை உங்களுக்கு ஏன் வேணும்?" என்று பேங்க் மேனேஜர் வீங்கிய கன்னத்தோடு கேட்டார்.

பாடத்தில் இதற்கு அருமையான பதில் இருந்தது. வழிகாட்டி எழுதியதுதான். அந்த நேரம் பார்த்து அது நினைவுக்கு வரவில்லை. ராத்திரி சரியாகத் தூங்காததால் வாயில் உண்மை வந்துவிட்டது.

"வேற எங்கேயும் எனக்கு வேலை கிடைக்காது சார். இங்கேயே சிபாரிசுலதான் வந்தேன். இதுவும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு தெரியல."

அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை மையங்களைப் பார்த்திருக்கிறோம், இப்படி ஓர் அசல் இடர்நிலையை எங்கேயும் கண்டதில்லை என்று குழுத்தலைவர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். இவரைப் போன்றவர்களுக்காகவாவது இந்த மையம் அவசியம் நடந்தாக வேண்டும் என்று அங்கேயே மூன்று வருஷத்துக்கு நிதி அறிவித்தார். வழிகாட்டியின் ஒப்பந்தத்தில் மேடம் அன்றே கையெழுத்திட்டார்.

இவ்வளவு மங்களகரமான ஆண்டிலும் மையத்துக்கு ஒரு மனக்குறை இருக்கத்தான் செய்தது. வாயாடி ஆஸ்பத்திரி லிஃப்டை ஓட வைத்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டாள்; சாயங்காலம் வகுப்புக்குப் போகிறாள்; அவள் அம்மா வீட்டில் படுத்து இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள்; தங்கச்சி பள்ளிக்கூடத்தை விடவில்லை. தங்கச்சிக்கென்று ஒதுக்கிவைத்த நாற்காலி வீணாகக் கிடப்பதைப் பார்த்து மேடம் பெருமூச்சு விடுகிறார். 'பயிற்சியை நிறைவு செய்யாமல் விலகியவர்' என்று ஆண்டறிக்கையில் வாயாடிக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். எவ்வளவோ முயன்றும் மையத்தால் காப்பாற்ற முடியாமல் போனது அவள் ஒருத்தியைத்தான். மற்ற அத்தனை பேரும் பத்திரமாக அங்கேயே இருக்கிறார்கள்.