குடுவைக்குள் பார்க்காத தனபாலன்

நம்மிடையே ஓர் இனம் உண்டு: அம்புக்குறிக்காரர்கள். கிருமியைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் அது எதைத் தின்னும், தின்றதை எதுவாக மாற்றும், எந்த மரபணு எதை முடுக்கும், எதை அடக்கும் என்பதையெல்லாம் மரபணுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி, கணினியில் கோத்து, சுவர் நிறைய அம்புக்குறிகளாக ஒட்டிவிட்டு, "பாத்தீங்களா, இதுதான் உயிர்!" என்பார்கள். எங்கே உயிர் என்று கேட்டுவிடாதீர்கள். அரைநாள் போய்விடும்.

கண்டியில் எங்கள் ஆய்வுகூடத்துத் தனபாலன் இந்த இனத்தின் சிகரம். கல்யாணப் பந்தியில்கூடக் கை துடைக்கும் தாளில் உறவுமுறைக்கு அம்பு போடுவார்.

ஆய்வு மாணவி ரிப்கா, பன்வில தேயிலைத் தோட்டத்து மண்ணில் ஒரு பாக்டீரியாவைப் பிடித்து வந்தாள். அதன் மரபணுக்களை வாசித்துத் தனபாலன் வலைப்பின்னல் வரைந்தார். ஒரு படி விடுபட்டிருந்தது. ஆகவே தீர்ப்பு: ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை இதனால் தயாரிக்க முடியாது, நாம் ஊட்டாவிட்டால் வளராது.

ரிப்கா ஊட்டவில்லை. அது கொழுகொழுவென்று வளர்ந்தது.

"மூணு தரம் செஞ்சு பாத்துட்டன் சேர். வளருது."

"வளர முடியாதும்மா. வழியே இல்லையே!"

"குடுவையில வளந்து ஈக்கி சேர். வந்து பாருங்களேன்."

"அப்ப வேற கிருமி கலந்திருக்கும்."

கதிரையை விட்டு எழவில்லை மனிதர். மாதிரி கெட்டுவிட்டது, ஆய்வை நிறுத்தலாம் என்று மேற்பார்வைக் குழுவுக்கு மின்னஞ்சலும் தட்டிவிட்டார். இரண்டு வருட உழைப்பு! ரிப்கா குளியலறையில் அழுதாள், முகம் கழுவினாள், திரும்பி வந்து, தரவுத்தளம் 'பணி தெரியாது' என்று ஒதுக்கியிருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகத் துருவினாள். ஒன்றின்மேல் சந்தேகம் விழுந்தது. வெட்டி நீக்கினாள். குடுவை தண்ணீராய்த் தெளிந்தே கிடந்தது; கிருமி வளரவில்லை. இன்னொரு குடுவையில் அதே கிருமிக்கு ஹிஸ்டிடின் சேர்த்தாள். மறுநாள் அது வளர்ந்து கலங்கியது.

தெளிந்ததையும் கலங்கியதையும் கொண்டுபோய் அவருடைய விசைப்பலகையின் மேலேயே வைத்தாள்.

தனபாலன் பார்த்தார். முதன்முறையாகப் பார்த்தார். பிறகு கதிரைமேல் தாவி ஏறி, விடுபட்ட படிக்குச் சிவப்பு மையால் அம்பு போட்டு, "புது மரபணு ரிப்கா! புது மரபணு!" என்று கூத்தாடினார். மின்னஞ்சலைத் திரும்பப் பெற்றார், மன்னிப்போடு. மாலைக்குள், "ஓட்டை எங்கேன்னு என் படம்தானே காட்டிச்சு?" என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? போன வாரம் ஜன்னலுக்கு வெளியே மழை ஊற்ற, கைபேசி 'வெயில்' என்றதை நம்பிக் குடையில்லாமல் அம்பிட்டிய பஸ்ஸுக்கு ஓடியது யாராம்?