நொண்ட வேண்டிய கால்

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.

பாக்கிச் சீட்டின் கடைசி வரியில் இருந்த அந்த எண்ணைப் பார்த்ததும் கிரேனுக்கு நாக்கு மரத்துப்போனது. கால் மட்டும் மரக்கவில்லை. அதுதான் சிக்கலே.

கிரேன் என்றால் இயந்திரம் இல்லை, ஆள். சிமெண்டுக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக லோடு ஏற்றி இறக்குகிறவர். இரண்டு மூட்டையை ஒரே தூக்காகத் தூக்கியதால் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. எட்டு மாதத்துக்கு முன்னால் மூன்றாவது மூட்டைக்கும் ஆசைப்பட்டுவிட்டார். முதுகுத்தண்டில் ஏதோ பிதுங்கி நரம்பை அழுத்த, இடது கால் இடுப்பில் கட்டித் தொங்கவிட்ட ஈரத்துணி மாதிரி ஆகிவிட்டது.

அதை மறுபடியும் காலாக்கியது பிசியோ அம்மா. ஊசி கிடையாது, கத்தி கிடையாது. ஒரு ரப்பர் பட்டை, ஒரு பெரிய பந்து, இரண்டு கை. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைகள் தொட்டால் எந்தத் தசை வேலை செய்கிறது, எது தூங்குகிறது, எது சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

"பெருவிரலைத் தூக்குங்க."

"தூக்கறேன் டாக்டரம்மா."

"டாக்டர் இல்லீங்க, பிசியோ. இதோட அம்பதாவது தடவை சொல்றேன். அப்புறம், நீங்க விரலைத் தூக்கல, புருவத்தைத் தூக்குறீங்க."

இப்படி எட்டு மாதம். பணம் இருந்தபோது கொடுத்தார், இல்லாதபோது "எழுதிக்கோங்க" என்றார். பிசியோ அம்மாவும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் மனைவி பரணிலிருந்து பெட்டியை எடுத்துத் தரச் சொன்னாள். கிரேன் நாற்காலியில் இடது காலை ஊன்றி ஏறி, பெட்டியை ஒரு கையால் இறக்கி, தரையில் குதித்தார். குதித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"ஏங்க, குதிச்சீங்க!"

"ஆமாடி, குதிச்சிட்டேன்."

மனைவி கையைத் தட்டிச் சிரித்தாள். கிரேன் சிரிக்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கால் சரியாயிட்டா வைத்தியம் முடிஞ்சது. வைத்தியம் முடிஞ்சா பாக்கியைக் கேப்பாங்க. பத்தாயிரத்து ஐந்நூத்து இருபது. எங்க போவேன்?"

"அதுக்கு?"

"கொஞ்ச நாளைக்கு நொண்டுவோம். அதுக்குள்ள எங்கயாவது புரட்டிடலாம்."

நொண்டினார். ஆனால் நொண்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு தடவையும் சீட்டில் இருநூற்று எண்பது ஏறியது. நாலு தடவையில் ஆயிரத்து நூற்று இருபது. பாக்கியைத் தள்ளிப்போட நொண்டியவருக்கு, நொண்டியதாலேயே பாக்கி வளர்ந்து, இதோ பதினோராயிரத்து அறுநூற்று நாற்பதில் வந்து நிற்கிறது.

அன்றைக்குத்தான் பிசியோ அம்மா கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு உதவி செய்வீங்களா? பல ஊர்ல இருந்து பிசியோக்கள் பயிற்சிக்கு வர்றாங்க. நோயாளியா ஒருத்தர் வேணும். அவங்க பார்த்துப் பழகணும். அதுக்குன்னு ஒரு தொகை இருக்கு. உங்க பாக்கி மொத்தத்தையும் அதுல கழிச்சிடலாம்."

"மொத்தமுமா?"

"மொத்தமும். புதுசா ஒண்ணும் பண்ண வேண்டாம். இங்க எப்படி நடக்குறீங்களோ, அப்படியே அங்கயும் நடந்தாப் போதும்."

கிரேன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். ஒரு பிசியோவை ஏய்ப்பதற்கே நாக்குத் தள்ளுகிறது. ஒரு கூட்டத்தையே ஏய்க்க வேண்டுமாம்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"நடங்க பார்ப்போம். ஐயோ, என்னங்க இது? வாத்து மாதிரி இருக்கு."

"இப்ப?"

"இப்ப வாத்துக்கு அடிபட்ட மாதிரி இருக்கு. அதுவும் வலது கால்ல."

"வலதா? இடதுல தானே நொண்டுறேன்?"

"திரும்பி வர்றப்போ காலை மாத்திட்டீங்க."

கிரேன் தலையில் கை வைத்தார். மூட்டை தூக்குகிற உடம்புக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். வாசலில் கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்து இடது ஷூவுக்குள் போட்டாள்.

"குத்துற கால்ல நொண்டுங்க. மறக்காது."

ஞாயிற்றுக்கிழமை மாடி ஹாலில் இருபத்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இளவட்டமாக இருப்பார்கள் என்றுதான் கிரேன் நினைத்திருந்தார். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஒரு அம்மாவுக்கு முப்பது வருட அனுபவமாம். முதல் வரிசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க வருடா வருடம் இத்தனை மணி நேரம் படித்தே தீர வேண்டுமாம். இவ்வளவு தெரிந்தவர்கள் லீவு நாளில் வந்து, தெரியாதது இன்னும் இருக்கிறது என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கிரேனுக்குத் தன்னையறியாமல் கும்பிடத் தோன்றியது. இவர்களையா ஏமாற்றப்போகிறோம் என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. ஷூவுக்குள் கல்லும் சுருக்கென்றது.

பாடம் நடத்த வந்தவர் ஒல்லியாக, வழுக்கைத் தலையோடு இருந்தார். எல்லாரும் அவரைப் பெரியவர் என்றார்கள்.

"இவருக்கு இடது கால்ல இன்னும் பலம் வரலைன்னு சொல்றார். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஐயா, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

கிரேன் நடந்தார். கல் குத்தியது. முகம் கோணியது.

எலும்பு மூட்டு வைத்தியத்தில் பழகிய கோஷ்டி ஒன்று வலப்பக்கம் இருந்தது. அதில் ஒருவர் கை தூக்கினார். "இது பலக்குறைவு இல்ல. வலி. பாதத்துலதான் என்னவோ இருக்கு."

நரம்புக் கோஷ்டி இடப்பக்கம். "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் எலும்புதான். இது நரம்பு நடை."

"நரம்பு நடைக்கு மூஞ்சி ஏன் இப்படிக் கோணுது?"

"உங்க பேச்சைக் கேட்டுத்தான்."

பென்சில் அம்மா சண்டையில் சேரவில்லை. எழுந்து வந்து, அந்த வயதில் தரையில் முழங்காலிட்டு, கிரேனின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தார். பூவைப் பிடிப்பது போல அவ்வளவு மெதுவாக.

"ஷூவைக் கழட்டுங்க. அடிப்பக்கம் எப்படித் தேய்ஞ்சிருக்குன்னு பார்க்கணும்."

கழற்றியதும் கல் டொக்கென்று விழுந்து, ஹால் நடுவில் உருண்டு, பெரியவர் காலடியில் போய் நின்றது.

"வர்ற வழியில ஏறிடுச்சுங்க," என்றார் கிரேன்.

"பாதத்துல என்னவோ இருக்குன்னு சொன்னேன்ல!" என்று எலும்புக் கோஷ்டிக்காரர் தொடையைத் தட்டினார்.

"இப்ப வெறுங்காலோட நடங்க ஐயா," என்றார் பெரியவர்.

கிரேன் நடந்தார். கல் போனதோடு ஞாபகமும் போய்விட்டது. நாலு எட்டு வைத்து, சுவரைத் தொட்டுத் திரும்பி, நாலு எட்டு.

கடைசி வரிசையில் அதுவரை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் அப்போதுதான் கண் விழித்தார். "இடது காலுன்னு தானே சொன்னீங்க? இவர் வலதை இல்ல இழுக்குறார்?"

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ஜன்னல் வழியாகப் பறந்து போவது கிரேனின் கண்ணுக்கே தெரிந்தது.

"அது வந்துங்க, ரெண்டு நாளா வலதுலயும் லேசா வந்திருக்கு."

சமாளித்துவிட்டோம் என்று அவர் மூச்சு விட்டார். நரம்புக் கோஷ்டி மொத்தமும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றது.

"ரெண்டு காலுமா? எப்போலேந்து? ஒண்ணுக்குப் போறது சரியாப் போகுதா? தண்டுவடத்தையே அழுத்துதோ என்னவோ! இனிமே ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. உடனே ஸ்கேன் எடுக்கணும்!"

ஒருவர் ஆம்புலன்ஸுக்கே போனைக் கையில் எடுத்துவிட்டார். எலும்புக் கோஷ்டிக்காரர் சண்டையை எல்லாம் மறந்து கிரேனைத் தோளோடு தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தார். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். முன்பின் தெரியாதவனுக்காக இத்தனை பேர் பதறுவதைப் பார்க்கக் கிரேனுக்குத் தொண்டை அடைத்தது.

"ஸ்கேனுக்கு எவ்வளவுங்க ஆகும்?"

"அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்க. பதினாலாயிரம் இருக்கும்."

தொண்டை இன்னும் அடைத்தது.

"இல்லீங்க! வலது நல்லாத்தான் இருக்கு! இடது மட்டும்தான்! சத்தியமா இடது!"

பெரியவர் கையை உயர்த்தினார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. "போனை வைங்க. பதற்றம் வேண்டாம். கேள்வி சரியான கேள்விதான், ஆனா முதல்ல படுக்க வச்சுப் பார்ப்போம். நான் காலையில சொல்லிக் குடுத்த சோதனை. ஒவ்வொருத்தரா வாங்க."

கிரேன் கட்டிலில் மல்லாந்து படுத்தார். முதலில் வந்தவர் இடது குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார்.

"என் கையை அமுக்குங்க."

கிரேன் அமுக்கவே இல்லை. பல்லைக் கடித்து நடுங்கி மட்டும் காட்டினார்.

"சரி, அதை விடுங்க," என்றார் அவர், கையை எடுக்காமலே. "இப்ப வலது காலைத் தூக்குங்க."

அது நல்ல கால்தானே? தாராளமாகத் தூக்கினார். வந்தவர் லேசாகச் சிரித்து, "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய் நோட்டில் எழுதினார். அடுத்தவரும் அப்படியே. இருபத்து நாலு பேர், இருபத்து நாலு உள்ளங்கை. குளிர்ந்த கை, சூடான கை, காய்ப்புக் காய்த்த கை. எல்லாம் முட்டையைத் தாங்குவது போலத் தாங்கின. நல்ல காலைத் தூக்கச் சொல்லி, வீணான காலுக்கு முட்டுக் கொடுக்கிறார்களே, என்ன மரியாதை, என்று கிரேன் நெகிழ்ந்துபோனார்.

"இடது கால்ல பலம் இல்லைன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் பெரியவர்.

ஒரு கைகூட எழவில்லை. தூங்குமூஞ்சிக்காரர் கைகூட.

கிரேன் கட்டிலிலேயே சுருங்கிப்போனார். பெரியவர் அருகில் வந்தார். அவரை எழுப்பி உட்காரவைத்துவிட்டு, கோட்டைக் கழற்றிப்போட்டு, தானே அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"என் குதிகாலுக்கு அடியில கையை வைங்க ஐயா. இப்ப நான் அடுத்த காலைத் தூக்கறேன். என்ன தெரியுது?"

கிரேனின் உள்ளங்கையில் அந்த ஒல்லிக் குதிகால் கும்மென்று இறங்கியது. அவருக்கு வாய் திறந்துகொண்டது. ஒரு பக்கம் தூக்க வேண்டுமானால் மறு காலை ஊன்ற வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் சோறு தின்பதே அந்தக் கணக்கில்தான். மூட்டை தூக்கிக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே மூட்டை தூக்கியைப் பிடித்துவிட்டார்கள்!

"அடேயப்பா," என்றார். கோபமே வரவில்லை. "இருபத்து நாலு தடவையும் அமுக்கியிருக்கேனா?"

"கையே உடைஞ்சிருக்கும்," என்றார் பென்சில் அம்மா, விரலை உதறிக்கொண்டு.

பெரியவர் எழுந்து வகுப்பைப் பார்த்தார். "யாரையும் பொய்யர்னு காட்டிக்குடுக்க இல்ல இது. பலம் திரும்பின பிறகும் பயத்துல காலை நம்பாதவங்க எத்தனையோ பேர். கால் வேலை செய்யுதுன்னு அவங்களுக்கே தொட்டுக் காட்டத்தான் இது. எழுதிக்கோங்க."

இருபத்து நாலு பேனாவும் குனிந்தன.

கிரேன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவருகே நின்ற பிசியோ அம்மாவிடம் போனார். கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க டாக்டரம்மா. உங்க கையாலதான் இந்தக் கால் எழுந்துச்சு. அதை நானே நொண்டியாக்கி உங்க மானத்தை வாங்கிட்டேன். பாக்கியை மாசம் ஐந்நூறாக் கட்டிடறேன்."

"பிசியோ," என்றார் அவர், பொங்கி வந்த எதையோ அடக்கிக்கொண்டு. "கீழ பில் கவுண்டர்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

கடன் பத்திரம்தான் எழுதி வாங்கப்போகிறார்கள் என்று நினைத்தபடி கிரேன் மாடிப்படி இறங்கினார். பாதிப் படியில் இன்னும் காலை இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்து, நிறுத்திவிட்டு நேராக இறங்கினார்.

பில் போடுகிற பெண் ஒரு சீட்டை நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒருமுறை, இன்னொருமுறை.

'நோயாளியாக நடித்ததற்கு: 11,640. பழைய பாக்கியில் கழிக்கப்பட்டது. மீதி: இல்லை.'

"இது தப்பும்மா. நான் மாட்டிக்கிட்டேன். மேல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

"மேல இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அம்மாவுக்குப் போன வாரமே தெரியும்ணே. ஜன்னல்ல நின்னுருக்காங்க. தெரு முனையில இருந்து விறுவிறுன்னு வந்தீங்களாம், கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் நொண்டுனீங்களாம். 'இந்த வகுப்புக்கு வருஷா வருஷம் நாடகக்காரரைத் தேடி அலையறோம், இந்தத் தடவை நம்மகிட்டயே ஒருத்தர் இருக்கார், விஷயத்தைச் சொன்னா வெக்கப்பட்டு வரமாட்டார், சொல்லாதே'ன்னாங்க."

முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"நெஜமாவே உங்க கால் சரியாகாம இருந்திருந்தா, கூப்பிட்டே இருக்க மாட்டாங்க, பாக்கியும் அப்படியே நின்னிருக்கும்."