பொருத்தம் பார்க்கும் கோப்பு கிடைக்கவில்லை

கனவு காண்கிறவளிடம் பாலைக் காய்ச்சச் சொல்லலாம். பொங்கினால் அடுப்போடு போய்விடும். ஊரார் கல்யாணத்தை ஒப்படைத்தால் மண்டபத்தோடுகூட நிற்காது.

எண்பதுகளின் கடைசியில், பட்டம் வாங்கிய கையோடு, சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். அதியமான்கோட்டையிலிருந்து தினமும் பஸ். தொப்பூர் கணவாயில் வண்டி வளைந்து வளைந்து இறங்கும்போது எனக்குக் கண் சொக்கும். மலையெல்லாம் கறுப்புத் திரையாகிவிடும். அதில் பச்சை எழுத்துகள் மின்மினிகளாக வரிவரியாய் ஊரும். (பக்கத்து சீட்டு அம்மா என் தலையைத் தன் தோளிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்து வைப்பார்.) கனவின் கடைசியில் எப்போதும் பெங்களூர் வரும். அங்கே ஒரு குளிர்ந்த அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். நான் தட்டத் தட்ட உலகம் வரிசைக்கு வரும்.

அப்பாவின் கனவில் எனக்கு மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தான்.

தருமபுரியில் தரகர் கோவிந்தசாமி வரன் பார்க்கும் கூட்டம் ஒன்று ஏற்பாடு செய்தார். எல்லோருக்கும் என் மெஷினே ஜோடி சேர்த்துவிடும் என்று வாயை விட்டேன். அப்பா பிடித்துக்கொண்டார்.

"உன் மிசினு ஒழுங்கா ஜோடி சேத்துட்டா நீ பெங்களூரு போ. இல்லைன்னா தரகர் காட்டற பையனுக்குக் கழுத்த நீட்டு. சரிதானா?"

"சரிங்கப்பா."

பெயர், வயது, உயரம், படிப்பு எல்லாவற்றையும் என் புரோகிராம் அடுக்கிவிடும். நட்சத்திரம் பார்ப்பதும் பங்காளிகளைப் பிரிப்பதும் அதற்குத் தெரியாது. (எங்கள் பக்கம் ஒரே குலத்தார் எல்லோரும் அண்ணன் தங்கை முறை; பெண் கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம்.) அதற்கென்றே சென்டர் மாஸ்டர் தனியாக ஒரு இணைப்புக் கோப்பு எழுதி, சேலத்து மெஷினுக்குள் ஏற்றியிருந்தார். எந்த மெஷினில் ஓட்டினாலும் அந்தக் கோப்பும் அங்கே இருக்க வேண்டும் என்று அவர் விளக்கியபோது, நான் ஜன்னலில் ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் பக்கம் போகிற மேகம்.

கூட்டத்தன்று, டைப்பிங் இன்ஸ்டிடியூட் பாஷா சார் தன் கம்ப்யூட்டரை மண்டபத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். என் அண்ணன் முருகேசன் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி மேடையில் வைத்தான். புரோகிராமும் வரன்களின் விவரமும் இருந்த பிளாப்பியைச் செருகினேன். திரையில் பச்சையாக ஒரு வரி: கோப்பு கிடைக்கவில்லை.

"சார், உங்க மிசின்ல பொருத்தம் பாக்கற கோப்பு இல்லீங்களா?"

"என்னம்மா கேக்கற? இதுல லெட்டர் அடிப்போம், கணக்குப் போடுவோம். பொருத்தமெல்லாம் யாரு ஏத்தி வெச்சா?"

கீழே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. தரகர் மைக்கைத் தட்டுகிறார். நான் செய்ததை இன்று யாராவது செய்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவேன்: அந்தக் கோப்பைக் கேட்கிற வரிகளை மட்டும் புரோகிராமிலிருந்து அழித்தேன். மெஷின் சமர்த்தாக ஓடியது! பங்காளியாவது, நட்சத்திரமாவது. அதன் கண்ணில் மனிதர்கள் எல்லோரும் வயதும் உயரமும்தான். உலகம் முழுக்க ஒரே குலமாகிவிட்ட மாதிரி எனக்கே ஒரு நிமிடம் மனசு இளகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அப்பா மேடையேறி என் ஜாதகத்தை நீட்டினார்.

"எதுக்கும் இதையும் ஏத்திரு கண்ணு."

பெங்களூர் மிதப்பில் ஏற்றினேன்.

திரையில் இங்கிலீஷ் எழுத்து என்பதால் படிக்கிற பொறுப்பு பாஷா சாருக்கு. முதல் ஜோடி: பென்னாகரத்துப் பையன், பாலக்கோட்டுப் பெண். பெண்ணின் அம்மா எழுந்துவிட்டார்.

"ஏங்க, அவன் இவளுக்கு அண்ணன் முறைங்க! ஒரே கோயில்ல பொங்கல் வெக்கறவங்கள ஜோடி சேக்குது, பொட்டியா இது?"

"மிசினுக்கு நம்ம வழக்கம் பழகணுமில்ல, பழகிரும்" என்று தரகர் சமாளித்தார். என் மானம் போவதைப் பொறுக்காத அப்பா எழுந்து நின்று என்னிடம் சொன்னார்.

"எங்க முருகேசனுக்குப் பாரு சாமி. சரியா வரும்."

பட்டனைத் தட்டினேன். திரையைப் பார்த்ததும் பாய்ந்தேன். கையால் மறைப்பதற்குள் பாஷா சார் கணீரென்று படித்துவிட்டார். (என்னை அவருக்கு 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்றுதான் தெரியும்; என் பெயர் தெரியாது.)

"மாப்ள முருகேசன், அதியமான்கோட்டை, தகப்பனார் சின்னசாமி. பொண்ணு சுமதி. அட, அதே ஊரு! தகப்பனார்... சின்னசாமி. பாத்தீங்களா, தகப்பன் பேருகூட ஒத்துப்போவுதுங்க!"

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது வரிசை வரிசையாக முன்னேறி மேடையை முட்டியது. முருகேசன் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினான்.

"வூட்டுக்கு வா புள்ள, உன்னைய வெச்சுக்கறேன்" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

பந்தயத்தில் நான் தோற்றேன். சொன்ன சொல்படி அப்பா தரகரிடம் போனார். தரகர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஊரு சிரிப்பு அடங்கட்டுங்க. இப்பப் போயி கேட்டா, 'ஏன், அண்ணனுக்கு வேண்டாமாமா?'ங்கறாங்க."

சிரிப்பு அடங்கவில்லை. மாங்காய் சீசன் வந்து போயிற்று, ஒரு வரனும் வரவில்லை. ஒரு நாள் காலையில், மோட்டார் போடப் போன அப்பா வாசலில் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இங்க யாரு வந்து உன்னைய கேக்கப்போறாங்க? பெங்களூருக்கே போ சாமி."

போனேன். குளிர்ந்த அறை கிடைத்தது. உலகம் மட்டும் இன்னும் வரிசைக்கு வந்தபாடில்லை.

அண்ணனுக்குப் பழைய முறைப்படி, பத்துப் பேரை விசாரித்துப் பெண் எடுத்தார்கள். அண்ணிக்குக் கதை கல்யாணப் பந்தியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றும் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வரும்.

"ஏங்க, எந்திரிச்சு வாங்க. உங்க மூத்த சம்சாரம் வந்திருக்காங்க!"