ஒலிவாங்கித் தேர்வுக் குழுவின் மகத்தான வெற்றி

நாட்டை ஆள்கிறவரைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஒரு பகல்பொழுது போதுமாக இருக்கிறது. ஒரு மைக்கைத் தேர்ந்தெடுக்க எங்கள் கம்பெனிக்கு எட்டு மாதம் தேவைப்பட்டது. இரண்டில் எது பொறுப்போடு நடந்த காரியம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். நான் பாண்டியன், அந்த 'ஒலிவாங்கித் தேர்வுக் குழு'வின் செயலாளர். காட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்கு இப்படி ஒரு பதவி கிடைத்தது முன்னோர் செய்த புண்ணியம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி. கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பில் போடுகிற மென்பொருள் செய்து விற்கிறோம். வாங்கியவர்களுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று, கம்ப்யூட்டர் திரையைக் காட்டிக்கொண்டே பேசி வீடியோ எடுப்பவள், இணையத்தில் நேரலையாக வெபினார் நடத்துபவள் ஸ்வீட்லின். ஆவடிப் பெண், ஒப்பந்த ஊழியர். அவளுடைய அம்மாவுக்கு வாரம் தவறாமல் டயாலிசிஸ். வேலை நிரந்தரமானால்தான் அம்மாவைக் கம்பெனி இன்சூரன்சில் சேர்க்க முடியும். "அடுத்த வெபினார் மட்டும் நல்லா போவட்டும்மா, உன்ன பர்மனென்ட் பண்ணிடறேன்" என்று எம்.டி. வேலுசாமி சார் எங்கள் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தத் தைரியத்தில் அவள் ஒரு தவறு செய்தாள். வாய் திறந்து ஒரு பொருள் கேட்டுவிட்டாள்.

"சார், லேப்டாப்ல பேசினா என் வாய்ஸ விட பக்கத்துல தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் சத்தம்தான் நல்லா கேக்குது. காலர்ல குத்திக்கிற மாதிரி ஒரு சின்ன மைக் போதும் சார்."

'சின்ன' என்ற சொல் எம்.டி.யின் நெஞ்சில் தைத்தது. "நம்ம கம்பெனிக்குச் சின்ன மைக்கா?" என்றார். அன்று மாலையே குழு பிறந்தது. தலைவர், மேனேஜர் ஜோசப்ராஜ் சார். உறுப்பினர்கள், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிராங்க், எச்.ஆர். ஸ்வாதி. செயலாளர் அடியேன். மைக்கில் பேசப்போகிற ஸ்வீட்லினைக் குழுவில் சேர்க்கவில்லை. பயன்படுத்துகிறவரைக் கேட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று ஜோசப்ராஜ் சார் தெளிவுபடுத்தினார். நியாயம்தானே!

அதன்பிறகு எட்டு மாதம் மாதிரி மைக்குகள் வந்தன, போயின; வெபினார் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பிரஸ் ஷாப் சத்தம் பிரச்சினை என்பதால், சோதனைகளை எல்லாம் அந்தச் சத்தம் எட்டவே எட்டாத எம்.டி.யின் ஏ.சி. அறையில் வைத்துக்கொண்டோம். கூர்மையாக எல்லாவற்றையும் பிடிக்கிற 'கண்டென்சர்' ஒரு வகை, வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பிடிக்கிற 'டைனமிக்' ஒரு வகை என்றும், இரைச்சலான இடத்துக்கு இரண்டாவதே நல்லது என்றும் இன்டர்நெட் சொன்னது. இன்டர்நெட் குழுவில் உறுப்பினர் இல்லை என்பதால் அதைப் பதிவுசெய்யவில்லை.

"என் குரலுக்கு இதுல கம்பீரம் வரலியே?" என்பார் ஜோசப்ராஜ் சார், ஒவ்வொரு மைக்குக்கும்.

"இன்னா சார் இப்டி சொல்லிட்ட? கவர்னர் பேசற மாறியே கீது சார்!" என்பான் பிராங்க்.

"என் வாய்ஸ் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு. ரிஜெக்ட்" என்பாள் ஸ்வாதி.

கடைசியில் கறுப்பாக, குண்டாக, ரேடியோ நிலையத்தில் இருப்பதுபோல ஒன்று வந்தது. பார்வைக்கு லட்சணமாக இருந்ததால் ஒருமனதாகத் தேர்வானது. அது டைனமிக் வகைதான் என்பது பிறகுதான் தெரிந்தது. தப்பித்தவறி நல்லதும் நடந்துவிடுகிறது, என்ன செய்ய?

அந்த வாரமே ஆயுத பூஜை. எஸ்டேட்டில் அன்றைக்குச் சந்தனப் பொட்டு இல்லாத இரும்பு கிடையாது. எங்கள் அலுவலகத்தில் நடுநாயகமாக மைக்கை வைத்தோம். எம்.டி. சந்தனக் கிண்ணத்தில் மூன்று விரலை விட்டு அள்ளி, மைக்கின் வலை மேலேயே பட்டையாக இழுத்தார். நடுவில் குங்குமம்.

"சார், இன்னும் கொஞ்சம் வச்சா பார்வையா இருக்கும்" என்றார் ஜோசப்ராஜ் சார். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். மற்ற ஆறு நாளும் அவருக்கு எம்.டி.தான் கோயில்.

ஸ்வீட்லின் பதறினாள். "சார், அந்த வலை வழியாத்தான் சத்தம் உள்ள போவணும்..."

"ஷ்! எம்.டி. கண்ண மூடிக்கினு கீறாரு, கம்முனு இரும்மா" என்றார் ஜோசப்ராஜ் சார்.

வெபினார் நாள் வந்தது. சந்தனம் அதற்குள் காய்ந்து சிமென்ட் பூச்சாகிவிட்டிருந்தது. எம்.டி. தன் கையால் வைத்ததை யார் துடைப்பது? நாங்கள் யாருமே அந்தப் பாவத்துக்குத் துணியவில்லை. குழு முழுவதும் அறையில் அணிவகுத்து நின்றோம். நசரத்பேட்டையிலிருந்து ஆவடிவரை கடைக்காரர்களும் பட்டறை முதலாளிகளும் இணைப்பில் காத்திருந்தார்கள். ஸ்வீட்லின் பேச ஆரம்பித்தாள். திரையில் செய்திகள் வரிசையாக விழுந்தன.

'ஒன்னும் கேக்கல.'

'இன்னாம்மா, கெணத்துக்குள்ள உக்காந்துகினு பேசறியா?'

"நெட்டு ஸ்லோ சார்" என்றான் பிராங்க். "அவ வாய்ஸே அப்படித்தான்" என்றார் ஜோசப்ராஜ் சார். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். ஸ்வீட்லின் எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, துப்பட்டாவிலிருந்து ஒரு பின்னை உருவி, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஐயோ, சந்தனத்தைச் சுரண்டி எடுத்து மைக்கைத் துடைத்துவிட்டாள்.

"இப்ப கேக்குதா?"

'சூப்பரா கேக்குது கண்ணு! மொதல்லேர்ந்து சொல்லு.'

போனவர்கள் திரும்பி வந்தார்கள். கடைசிவரை இருந்தார்கள். ஆர்டர்கள் குவிந்தன. இப்படியொரு அசம்பாவிதம் எங்கள் கம்பெனி வரலாற்றிலேயே நடந்ததில்லை.

மறுநாள் காலை விசாரணை.

"யார் பர்மிஷன்ல துடைச்ச?" என்றார் தலைவர்.

"எல்லாரும் போயிட்டே இருந்தாங்க சார்."

"போனா போறாங்க. கமிட்டிக்கு எழுதிக் குடுக்கணும், கமிட்டி கூடணும், அப்பறம்தான் துடைக்கணும். எம்.டி. மனசு என்ன பாடுபட்டிருக்கும்?"

எம்.டி. பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "நான் தப்பா நெனைக்கலம்மா. ஆனா..." என்றார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தைப் பூர்த்தி செய்யத்தானே குழு இருக்கிறது!

ஸ்வீட்லின் எம்.டி. பக்கம் திரும்பினாள். "வெபினார் நல்லாத்தானே சார் போச்சு? இன்சூரன்ஸ் வந்துடும்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன் சார்."

மைக் இல்லாமலே அது அறை முழுவதும் நன்றாகக் கேட்டது. ஸ்வாதி போனைப் பார்த்தாள். பிராங்க் கூரையைப் பார்த்தான். நான் பேனாவைத் திறந்து மூடினேன்.

வெபினார் வெற்றிக்கு ஒலிவாங்கியின் உயர்ந்த தரமே காரணம் என்று குழு முடிவு செய்தது. ஸ்வீட்லினின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்கில்லை என்றும் முடிவு செய்தது. அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போனாள். எம்.டி. புதிதாகச் சந்தனம் குழைக்கச் சொன்னார்.

இப்போது அந்த மைக்குக்குப் பொருத்தமான ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கை சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. அதொன்றும் நிறைவேற்ற முடியாத நிபந்தனை இல்லை. வெபினார் அன்றைக்கு அந்த அறையில் எங்கள் நான்கு பேர் கையும் சும்மாதான் இருந்தது. நாங்கள் நான்கு பேரும் நிரந்தரம்.