நாலாவது காலை நறுக்கிய ஞாயிறு

என் அண்ணன் ஓக்னியானோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நான் சபதம் செய்தது, அப்பாவின் நினைவு நாள் விருந்தில். தோட்டத்துப் பிளம் பழத்தில் நானே காய்ச்சிய ரக்கியாவை ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றினேன். அண்ணன் ஒரு வாய் குடித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"டான்யூப் ஆத்துல தண்ணி குறைஞ்சு போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றான்.

பாதிரியார்கூடச் சிரித்தார். என் சாராயத்தைப் பழிக்கட்டும். அப்பாவின் படத்துக்கு முன்னாலா பழிப்பது? அன்றோடு பேச்சு நின்றது. ரூசே நகரத்தில் அவனுடைய ரிப்பேர் கடை இருக்கும் தெருவை ஒதுக்கிவிட்டு, ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டுதான் வருஷக்கணக்கில் வேலைக்குப் போய் வந்தேன். செருப்புத் தேய்ந்தது. சபதம் தேயவில்லை.

என் மனைவி ஸ்னெஜானாவுக்கு இது பிடிக்கவில்லை. அவளும் அண்ணி மிலேனாவும் ஒரே ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் அவள் என்னிடம் அண்ணனைப் பற்றி வாதாடியதில்லை. அந்த அமைதியைக் கண்டு நான் பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டுவிட்டேன்.

செப்டம்பரில் என் நாற்பதாவது பிறந்த நாள் வந்தது. ஸ்னெஜானா ஒரு அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. எங்கள் காலத்துச் சந்தையில் விற்ற போலி இல்லை. அசல் கம்பெனிச் சரக்கு. சிறுவயதில் ஆடிய மஞ்சள் கேம் கேசட்டுகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அவை இந்தப் பெட்டியின் வாய்க்குப் பொருந்தாது என்று, நடுவில் செருக ஓர் இணைப்புத் துண்டுகூட வாங்கி வைத்திருந்தாள்.

டேங்க் கேசட்டைச் செருகினேன். இரண்டு பேர் இரண்டு டேங்கில் ஒரு கோட்டையைக் காக்கும் ஆட்டம். பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. டிவியும் அதே தாளத்தில் கண்ணடித்தது.

"என்னய்யா, உன்னைப் பார்த்துக் கண்ணடிக்குது?" என்றாள்.

"தூசி. துடைச்சா சரியாயிடும்."

ஊதினேன். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். வீட்டில் ஸ்பிரிட் இல்லாததால் என் ரக்கியாவில் பஞ்சை நனைத்துக் கேசட்டின் செம்புப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் எல்லாக் கேசட்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

"உன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா?"

"செத்தாலும் மாட்டேன்."

"சரி, வேண்டாம். மிலேனாவுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காராம். வீட்டுக்கே வருவாராம். அவரை வரச் சொல்லட்டுமா?"

"அது சரி. அதுக்கென்ன?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். கையில் சால்டரிங் அயர்னோடு என் அண்ணன் நின்றான். தலை நரைத்திருந்தது. அப்பாவின் முகமே வந்துவிட்டிருந்தது. கதவைச் சாத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். கை வரவில்லை.

அவன்தான் முதலில் வாய் திறந்தான். "போகட்டும் தம்பி. நீ மன்னிப்புக் கேட்டு அனுப்பினதே போதும்."

"நானா? எப்போ?"

"ஸ்னெஜானா சொன்னாளே. அழுதியாமே!"

"நான் ஏன் அழறேன்? தப்புப் பேசினது நீ!"

சமையலறையிலிருந்து ஸ்னெஜானாவின் குரல் வந்தது. "வாசல்ல நின்னு கத்தாதீங்க. காபி ஆறுது."

ஆறிய காபியை விட வெறுக்கத்தக்கது எங்கள் குடும்பத்தில் எதுவுமில்லை. இருவரும் உள்ளே போனோம்.

அண்ணன் கேசட்டை எடுத்தான். மோந்து பார்த்தான். "எதுல துடைச்சே?"

நான் ரக்கியாப் புட்டியைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

"தண்ணில துடைக்கக் கூடாதுடா" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவன் உதடு துடிப்பதைப் பார்த்ததும், என்னை மீறி எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவன் கண்ணில் வந்தது சிரிப்பு நீர் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. அவனும் என்னைக் கேட்கவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்தான். "இந்தச் சில்லு இருக்கே, இது வாசல் காவல்காரன். கேசட்டைப் பார்த்து, 'அடையாளம் சொல்லு'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். கம்பெனி கேசட்டுக்கு விடை தெரியும். நம்மது சந்தையில வாங்கின திருட்டுச் சரக்கு, முழிக்கும். உடனே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டு, மறுபடி முதல்லேர்ந்து கேப்பான். அதான் கண்ணடிக்குது."

"இப்ப என்ன பண்றது?"

"நாலாவது காலை நறுக்கணும்."

"யார் காலை?"

"சில்லோட காலைடா! அதை நறுக்கி எர்த்தோட சேர்த்துட்டா காவல்காரன் தூங்கிடுவான்."

நறுக்கினான். சூடு வைத்தான். மூடினான். நான் பொத்தானை அழுத்தினேன். விளக்கு நின்று எரிந்தது. அந்தப் பழைய இசை கேட்டது. சிறுவயதில் நாங்கள் ஆடும்போது, அப்பா பேப்பர் படிப்பதுபோல் நடித்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அண்ணன் ஒருமுறை திரும்பி, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"அண்ணா, இதை எங்கே கத்துக்கிட்டே?" என்றேன், பேச்சை மாற்ற.

"இந்தப் பெட்டியே என் கடைச் சரக்குதானேடா. உன் பொண்டாட்டிதான் வந்து வாங்கினா. 'காலை நறுக்கி ரெடியாக் கொடுத்துடறேன், அப்பத்தான் மஞ்சக் கேசட் ஓடும்'னு சொன்னேன். 'வேண்டவே வேண்டாம், ஓடாமத்தான் வேணும்'னுட்டா."

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். ஸ்னெஜானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், எப்போது வந்தாளோ, மிலேனா அண்ணி.

"ஸ்னெஜானா, இது என்ன?"

"பிறந்த நாள் பரிசு. பிடிக்கலையா?"

பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைத் தவிர எனக்கு வழியில்லை. அண்ணன் முன்னால் சொல்லவும் வேண்டியிருந்தது. சொன்னேன்.

"அப்ப நல்லது. குடைமிளகாய் சுட்டு வச்சிருக்கேன். சூடு ஆறிடுச்சுன்னா தோல் வராது. ரெண்டு பேரும் பால்கனிக்குப் போய் உரிங்க."

"முதல் கட்டமாவது ஆடிட்டு..."

"நாங்க பார்த்துக்கறோம்" என்று மிலேனா அண்ணி என் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டாள். அண்ணன் கையிலிருந்தது ஸ்னெஜானாவிடம் போயிற்று.

பால்கனியில் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தோம். விரல் முழுக்கக் கரி. குளிர்காலம் முழுக்கப் புட்டியில் அடைத்து வைக்கப் போதுமான மிளகாய் தொட்டியில் இருந்தது. உள்ளே குண்டுகள் வெடித்தன. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே கோட்டையைக் காப்பாற்றினார்கள். அண்ணன் கடையைப் பற்றிச் சொன்னான். நான் என் முதுகுவலியைப் பற்றிச் சொன்னேன். தொட்டியில் அடி தெரிந்தபோது நான் எழுந்து நின்று கத்தினேன்.

"எங்க முறை எப்ப வரும்?"

"தக்காளி முடிஞ்சதும்!" என்றாள் ஸ்னெஜானா.

"எந்தத் தக்காளி?"

அண்ணன் தலையைக் குனிந்தபடி, கார்ச் சாவியை என்னிடம் நீட்டினான். "டிக்கியில ரெண்டு கூடை."