குழாய் தும்மிய வீடு

ஒரு கோப்பையைக் கழுவி முடிப்பதற்குள் மோட்டர் மூன்று முறை எழுந்து மூன்று முறை படுத்தது.

டக். உர்ர்ர். டக்.

நாகலெட்சுமி குழாயை இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் கீழே கிணற்றடியில் அது இன்னொரு தரம் உறுமிவிட்டுத்தான் ஓய்ந்தது.

"ஒரே ஒரு கோப்பை கழுவினதுக்கு இந்தக் கத்தலா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

டக், என்றது அது. அன்றைக்குக் காலையிலிருந்து அவளுக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

வீடு புதியது. லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில், மேட்டில் ஏழு பேர்ச்சஸ் துண்டு நிலம் கிடைத்து, கொழும்பில் வேலை பார்க்கும் மகன் சுதாகரன் கட்டிக் கொடுத்தது. சுவருக்கு மஞ்சள் பூச்சு, தரைக்கு மாபிள், ஆளுக்கொரு அறை. ஆள்தான் இல்லை. கிணறு கீழே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டை ஒட்டிய பள்ளத்தில். அதன் பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் மோட்டரும், நீல நிறத்தில் ஒரு பிரஷர் டேங்க்கும். டேங்க்கை சுதாகரன் கொழும்பில் ஒரு பழைய கட்டடம் உடைத்த இடத்தில் பிடித்திருந்தான். "அசல் சாமான்ம்மா. இப்ப இந்த மாதிரி செய்றதே இல்ல" என்றான். இப்போது ஏன் செய்வதில்லை என்பது நாகலெட்சுமிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கி வந்தது.

அதற்கு முன்னால் அவள் வாழ்ந்ததெல்லாம் அந்த லயத்தில். கூரையைத் தொடாத சுவர்கள். அடுத்த வீட்டில் பூரணி புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் தெரியும். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் விழும் நேரத்தை வைத்தே அங்கே எல்லாம் தெரிந்துவிடும். பூரணி ஒரு குடம் கூடுதலாகப் பிடித்தால் ராகலையிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருக்கிறது என்று அர்த்தம். சற்று நேரத்தில் பூரணியே பாய் கேட்டு வருவாள். நாகலெட்சுமி வீட்டுக்கு ஆள் வந்தால் இவள் பூரணியிடம் போவாள். இரண்டு வீட்டுப் பாய்களில் எது யாருடையது என்பது கடைசியில் யாருக்கும் தெரியாமல் போனது.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று லயமே ஏறி வந்தது. அடுத்த மாதமும் வந்தார்கள். பிறகு குறைந்தது. பிறகு நின்றே போனது.

ஒருநாள் அவளே இறங்கிப் போய்ப் பூரணியின் வாசலில் நின்றாள்.

"ஐயோ அக்கா, நீங்க எதுக்கு இங்க நின்னுக்கிட்டு? ஒங்களுக்கு ஆயிரம் வேலை கெடக்கும். போங்க, போங்க" என்றாள் பூரணி.

உட்காரச் சொல்லவில்லை. நாகலெட்சுமி திரும்பி ஏறி வந்தாள்.

இன்னொரு நாள் கடையில் வீரம்மா அவளுடைய பையை எட்டிப் பார்த்தாள். "ஒரு கிலோ அரிசிதானா? இது எந்த மூலைக்குப் பத்தும்?" என்றாள். மாபிள் தரைக்காரியைக் குத்திக் காட்டுகிறாள் என்று நாகலெட்சுமிக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து அந்த ஒரு கிலோவை டின்னில் கொட்டினாள். அது அவளுக்கு வாரக்கணக்கில் பத்தியது.

சுதாகரன் போனில் ஒரே பாட்டாகப் பாடினான். "தனியா கெடந்து என்னாம்மா செய்யப் போற? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துரு. ரூம்ல ஒரு ஓரமா இருந்துக்கலாம்."

"மாரியம்மன் தேர் முடியட்டும்" என்றாள். தேருக்கு முன்னால் ஒருத்தராவது படியேறி வீட்டுக்குள் வந்துவிட்டால் போவதில்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டிருந்தாள். அதை மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

ஏன் வருவதில்லை என்பதை அவள் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தும் விட்டாள். மோட்டர்தான். கொட்டகை லயத்தின் காதுக்குள் இருக்கிறது. கொழுந்தெடுத்துக் களைத்து வந்து படுப்பவர்களுக்கு ராவும் பகலும் இந்த உறுமல் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

ஆகவே மோட்டரை அடக்க வேண்டும்.

முதலில் தலவாக்கலைக்குப் போய் ஹார்ட்வெயார் கடை கோகுலராஜிடம் சொன்னாள்.

"டக்கு டக்குனு அடிக்குதா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க மொதலாளி. தண்ணியும் விட்டு விட்டு வருது. விக்கல் எடுக்குற மாதிரி."

"சுவிச்சுதான்" என்றார் கோகுலராஜ், அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள். மோட்டரைத் தானாக எழுப்பிப் படுக்க வைக்கும் பிரஷர் சுவிச் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

பைப் வேலை செய்யும் பாஸ் சஜீவன் வந்து அதைப் பூட்டினான். "பிரஷரக் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கேம்மா. இனிமே தண்ணி சும்மா பிச்சுக்கிட்டு வரும்" என்றான்.

பிய்த்துக்கொண்டுதான் வந்தது. சமையலறைக் குழாயின் வாஷரையும் பிய்த்தது. குழாய் சொட்டத் தொடங்கியது. முன்பெல்லாம் தண்ணீர் திறந்தால்தான் மோட்டர் எழும்பும். இப்போது யாரும் தொடாமலே, சொட்டுகிற சொட்டுக்கெல்லாம் எழும்பியது. அவள் தூங்கும்போதும் அது வேலை பார்த்தது.

"சுவிச்சு இல்லம்மா, காத்து" என்றான் சுதாகரன் போனில். "வீடியோ ஒண்ணு பாத்தேன். டேங்க்குக்குள்ள பாதி காத்து இருக்கணுமாம். அதுதான் தண்ணியத் தள்ளுமாம். மேல ஒரு வால்வு இருக்கும் பாரு, டயர்ல இருக்குற மாதிரி. அதுல காத்தடி."

முழு வீடியோவையும் பார்த்தாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

த்ரீவீல் ஓட்டும் அழகுமுத்துவிடம் காற்றடிக்கும் பம்ப் கேட்டாள்.

"எந்த வண்டிக்கு அக்கா?"

"தண்ணி டேங்க்குக்கு."

அழகுமுத்து பம்பை எடுத்துக் கொடுத்தான். "ஒங்க டேங்க் எங்கயும் பயணம் போகுதா?"

"நான்தான் போகப் போறேன். அது இங்கதான் கெடக்கும்."

கொட்டகைக்குள் உட்கார்ந்து கைகள் விட்டுப்போகும் வரை அடித்தாள். மீட்டர் முள் ஏறியது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. டேங்க்கில் இருந்த தண்ணீரை முதலில் வடித்துவிட வேண்டும் என்பது வீடியோவின் பிற்பகுதியில் இருந்தது.

ஆனாலும் மோட்டர் அடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் ஒரு சத்தம் இல்லை. மலை முழுக்க அமைதி. நாகலெட்சுமி வாசலில் வந்து நின்றபோது கீழே படியில் பூரணி ஏறி வருவதைப் பார்த்தாள்.

பூரணியேதான். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஏதோ பலகார டின்.

நாகலெட்சுமி உள்ளே ஓடினாள். கேத்தலில் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தாள். குழாய் ஒரு கணம் தயங்கியது. பிறகு "ஹர்ர்ர்ச்" என்று அவள் முகத்திலேயே தும்மியது.

"நூறு" என்றாள் அவள், தும்மினவரை வாழ்த்தும் பழக்கத்தில். புது வீட்டில் அவளைத் தவிரத் தும்மிய முதல் ஆள் அது.

குழாய் மறுபடி தும்மியது. இருமியது. துப்பியது. அடித்த காற்றெல்லாம் அதன் வழியாக வெளியே வந்தது. கீழே மோட்டர் டக்கென்று எழுந்து, சேர்த்து வைத்திருந்த கோபத்தையெல்லாம் கொட்டி அலறத் தொடங்கியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூரணி பாதி வழியில் நின்று கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியது. டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மோட்டர்தான்.

திங்கட்கிழமை அவள் தன் பழைய படங்குகளை எடுத்தாள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிய முரட்டுத் துணிகள். ஓய்வு பெற்ற பிறகும் எறிய மனம் வராமல் மடித்து வைத்திருந்தாள். மோட்டரைச் சுற்றிப் பிள்ளைக்குக் குளிருக்குச் சுற்றுவது போலச் சுற்றினாள். மேலே இரண்டு உரச்சாக்கு. கயிறு கட்டினாள்.

அலறல் முணுமுணுப்பானது. வீட்டிலிருந்து கேட்டால் பக்கத்து அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது மாதிரி இருந்தது. அவளுக்கு அது பிடித்துக்கூடப் போனது. சோறு தின்னும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் முணுமுணுப்போடு தீய்ந்த வாடையும் வந்தது.

சஜீவன் வந்து கயிற்றை அறுத்தான். படங்கை உருவினான். மோட்டரைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"என்னாம்மா, மோட்டருக்குக் காய்ச்சலா?"

"சத்தம் போடுதுன்னுதான் தம்பி..."

"அது சரி. எவன் இந்த சுவிச்ச இப்புடிக் கூட்டி வச்சது? அறிவு கெட்டவன்."

"நீங்கதான் தம்பி."

சஜீவன் சுவிச்சை இன்னொரு முறை பார்த்தான். "அன்னைக்கு இருந்த நெலமைக்கு அது சரியாத்தான் இருந்திருக்கும்" என்றான்.

பிறகு கரண்ட்டை நிறுத்திவிட்டு டேங்க்கை முட்டியால் தட்டினான். அடியில் தட்டினான். நடுவில் தட்டினான். தலையில் தட்டினான். எங்கே தட்டினாலும் நிறைகுடத்தைத் தட்டியது போல மொத்தென்று கேட்டது.

"மேல தட்டினா காலி டின் மாதிரி கணீர்னு வரணும்மா. காத்துக்கு எடமே இல்ல. முழுக்கத் தண்ணி." வால்வின் ஊசியை நகத்தால் அழுத்தினான். காற்று வர வேண்டிய இடத்தில் பீச்சென்று தண்ணீர் வந்து அவன் சட்டையை நனைத்தது. "பாத்தீங்களா? உள்ள ரப்பர் பை கிழிஞ்சிருச்சு. அது கிழிஞ்சா தண்ணியத் தள்ள உள்ள காத்து நிக்காது. நீங்க ஒரு வாய் தண்ணி எடுத்தாலும் மோட்டர்தான் எந்திரிச்சு வரணும். பாவம், இது ஒத்த ஆளா எல்லாத்தையும் பாத்திருக்கு."

நாகலெட்சுமி மோட்டரைப் பார்த்தாள். அதன் மேல் அவளுக்கு இப்போது கோபம் இல்லை.

மறுநாள் காலை புது டேங்க் வந்தது. சஜீவன் பூட்டினான். சுவிச்சில் பிரஷரை இறக்கி வைத்தான். குழாய்க்கு வாஷர் மாற்றினான். போகும்போது விரல் விட்டு எண்ணிச் சொன்னான்: "ஆறு மாசத்துக்கு ஒருக்கா கரண்ட்ட நிறுத்துங்க. குழாயைத் தெறந்து, மீட்டர் முள்ளு படுக்குற வரைக்கும் தண்ணிய வடிங்க. அதுக்கப்புறம் காத்து எவ்வளவு இருக்குன்னு பாருங்க. வடிக்காமப் பாத்தா அது பொய் சொல்லும்."

"நான் இருக்க மாட்டேன் தம்பி. நாளைக்குத் தேர். மகன் வர்றான். கொழும்புக்குப் போறேன்."

"அப்ப எதுக்கும்மா புது டேங்க்?"

அவள் கூலியை எண்ணி அவன் கையில் வைத்தாள்.

அவன் போன பிறகு குழாயைத் திறந்தாள். தண்ணீர் கயிறு மாதிரி ஒரே சீராக விழுந்தது. ஒரு கோப்பை கழுவினாள். மோட்டர் எழவில்லை. கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். எழவில்லை. ஜன்னலைத் திறந்து காத்திருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாள் வீட்டில் தனியாக இல்லை. இன்றைக்குத்தான் தனி.

கீழே கொட்டகைக்குப் போனாள். டேங்க்கின் தலையில் தட்டினாள். கணீரென்றது. அடியில் தட்டினாள். மொத்தென்றது. எல்லாம் சரியாக இருந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லை. மேலே ஏறி வந்து, பையை எடுத்துச் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் மலையிலிருந்து ஆட்கள் இறங்கிய பிறகு, படியில் காலடி கேட்டது. ஒன்றல்ல, பல.

வாசலில் பூரணி நின்றாள். பின்னால் வீரம்மா. அதற்கும் பின்னால் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர். பூரணியின் கையில் அதே டின். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நாகலெட்சுமி நினைத்தாள்.

"வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

பூரணி படியிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். அறைக் கதவுகள் திறந்து கிடந்தன. மாபிள் தரையில் சுருட்டிய ஒரு பாய். அதன் மேல் ஒரு தலையணை. பலகையில் கவிழ்த்து வைத்த ஒரு கோப்பை. பூரணி வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் போயாச்சு" என்றாள் மெதுவாக.

"மோட்டர் சத்தத்த மனசுல வச்சுக்காத பூரணி" என்றாள் நாகலெட்சுமி அவசரமாக. "ஒங்களுக்கெல்லாம் பெரிய தொந்தரவாப் போச்சு. இன்னைக்கு நிறுத்திட்டேன்."

"தொந்தரவா?" பூரணி டின்னைப் படியில் வைத்தாள். "ராவும் பகலும் தண்ணி எறச்சு எறச்சு அத்தன விருந்தாளியப் பாத்தீங்களேக்கா, அதுக்கு நடுவுல நாங்க வந்து நிக்கிறது மரியாதையில்லன்னு ஒதுங்கிக் கெடந்தோம், அது போகட்டும்; ஆனா எங்கிட்ட ஒரு பாய்கூடக் கேக்காம அவங்க எல்லாரையும் எதுலக்கா படுக்க வச்சீங்க?"