மாசிலாமணியார் இளைத்துவிட்டார்

ஏழு ஆறுகளைத் தாண்டி, எட்டாவது ஆறு வற்றிப்போன இடத்தில் நிறைகுளம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் குறை என்று எதுவும் கிடையாது; இருந்தால் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருந்தது. மற்றபடி மக்கள் நல்லவர்கள். சிரிக்கத் தெரிந்தவர்கள், நாக்கு ருசி உள்ளவர்கள். அடுத்த வீட்டுச் செய்தியை அந்த வீட்டுக்காரருக்கே முதலில் போய்ச் சொல்லிவிடும் அளவுக்கு அக்கறை உள்ளவர்கள்.

அந்நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முன்னொரு காலத்தில் கடைக்குக் கடை எடைக்கல் வேறாக இருந்து, சந்தையில் தினமும் மண்டை உடைந்துகொண்டிருந்தது. அன்றைய அரசர் அதற்கு ஒரு வழி கண்டார். நாட்டிலேயே பெரிய வணிகர் யாரோ, அவரைத் துலாபாரத் தட்டில் உட்கார வைப்பது. அவருடைய எடை ஒரு பாரம். அந்தப் பாரத்தில் நூற்றில் ஒரு பங்கு, ஒரு எடைக்கல். ஆண்டுதோறும் நிறைநாள் திருவிழாவில் வணிகரை மறுபடியும் நிறுத்து, நாட்டின் எடைக்கற்களை அதற்கேற்றபடி திருத்திக்கொள்வார்கள். வெறும் கல்லை நம்ப முடியாது, பெரிய மனிதரை நம்பலாம் என்பது அக்காலத்து அறிஞர்களின் முடிவு.

இந்தக் கதை நடந்தபோது தட்டில் உட்கார்ந்துவந்தவர் பெருவணிகர் மாசிலாமணியார். உப்பளம் அவருடையது, அரிசி மண்டி அவருடையது, ஏழாவது ஆற்றைக் கடக்கும் படகும் அவருடையது. ஆண்டுக்கு ஆண்டு அவர் பருத்தார்; எடைக்கல்லும் பருத்தது. ஒரு காசுக்கு அரிசி ஒரு பிடி கூடுதலாக வந்தது. ‘அவர் வளர்ந்தால் நாம் வளர்வோம்’ என்று மக்கள் சுவரெல்லாம் எழுதி வைத்தார்கள். வரி நெல்லும் அதே கல்லால்தான் நிறுக்கப்பட்டது, அதுவும் ஒரு பிடி கூடுதலாகப் போனது என்பதை மட்டும் எந்தச் சுவரிலும் யாரும் எழுதவில்லை.

ஒரு நாள் புதிய சந்தையைத் திறந்துவைக்க மாசிலாமணியார் மாடத்தில் வந்து நின்றார். கீழே ஜனக்கூட்டம். வாழ்த்துவதற்காக வலது கையை உயர்த்தி ஆட்டினார். அவர் விரலில் முப்பது ஆண்டுகளாக இறுகிக் கிடந்த மாணிக்க மோதிரம் வழுக்கிக் கழன்றது, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது, கீழே இட்லிக் கடை போட்டிருந்த செங்கமலத்தின் சாம்பார் அண்டாவில் போய் விழுந்தது.

“ஐயோ, இளைச்சுட்டாரு!” என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். சந்தை திறந்ததா இல்லையா என்பதே ஒருவருக்கும் நினைவில்லாமல் போயிற்று.

அன்று மாலைக்குள் நாடு முழுவதும் வைத்தியம் படித்துவிட்டது. “கன்னம் ஒட்டிப் போச்சு, கவனிச்சியா?” என்றார் ஒருவர். “நெஞ்சுல கட்டியாம். கடல் தாண்டி ஒரு வைத்தியர் மாறுவேசத்துல வந்துட்டுப் போனாராம்” என்றார் இன்னொருவர். மாறுவேடத்தில் வந்த வைத்தியரை அவர் எப்படி அடையாளம் கண்டார் என்று யாரும் கேட்கவில்லை. சிலர் மொட்டை போட்டார்கள். சிலர் மண்சோறு தின்றார்கள். ஒருவர் அவர் மாளிகையைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்து, பாதியில் சாக்கடையில் விழுந்து எழுந்தார். அந்தக் கவலை பொய்யில்லை. மாசிலாமணியார் மேல் அவர்களுக்கு உண்மையாகவே பாசம் இருந்தது. அந்தப் பாசத்தோடு அரிசி விலையும் சேர்ந்திருந்தது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவர்களாலேயே முடியாது.

மறுநாள் நலத்துறை அமைச்சர் வாகைமாறன் முரசு அறைவித்தார். “பெருவணிகர் பூரண நலத்துடன் இருக்கிறார். ஆகவே அவரது நோய் குறித்து எவரும் அஞ்ச வேண்டாம். இன்று முதல் ‘இளைத்தார்’ என்ற சொல் தடை செய்யப்படுகிறது. ‘அடக்கமாகப் பொலிகிறார்’ என்றே சொல்ல வேண்டும்.”

பூரண நலத்தில் இருப்பவருக்கு என்ன நோய் என்று மக்கள் இன்னும் கூடுதலாக அஞ்சினார்கள்.

அண்டாவைத் துழாவி மோதிரத்தை எடுத்த செங்கமலம், அதைப் புளிபோட்டுத் தேய்த்துக் கழுவி, மாசிலாமணியாரின் மாளிகைக்குக் கொண்டுபோனாள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு தூக்கில் இட்லியும் எடுத்துக்கொண்டாள். பின்கட்டில் ஆளில்லாத இடத்தில் மாசிலாமணியார் தனியே நின்று எதையோ செய்துகொண்டிருந்தார். முன்னே இரண்டு அடி, பின்னே ஒரு அடி, கையில் ஒரு சிவப்புத் துணி.

“ஐயா, உடம்புக்கு என்ன?” என்று பதறினாள்.

அவர் திடுக்கிட்டுத் துணியை மடியில் ஒளித்தார். பிறகு தூக்கைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“யார்கிட்டயும் சொல்லாதே, தாயி. போன ஐப்பசியில பல்லக்குத் தூக்கறவனுக்குக் கால் பிசகிடுச்சு. இறங்கி நடந்தேன். படகுத்துறை மைதானத்துல ஒயிலாட்டம் பழகிக்கிட்டிருந்தாங்க. உறுமிச் சத்தம் கேட்டதும் என் கால் என் பேச்சைக் கேட்கலை. அன்னியிலேர்ந்து தினமும் விடியறதுக்கு முன்னால போய் ஆடறேன். அங்கே எல்லாருக்கும் நான் வெறும் மணி. வாத்தியார் என்னை ‘ஏ மணி, காலை எங்கேய்யா வைக்கிற’ன்னு திட்டுறாரு. நாப்பது வருஷமா என்னை யாரும் திட்டலை தெரியுமா? அவ்வளவு சந்தோஷமா இருக்கு.”

செங்கமலத்துக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் மோதிரத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இட்லி முழுவதையும் தின்று, தூக்கை வழித்து நக்கியதைப் பார்த்தபோது கவலை முழுக்கப் போய்விட்டது. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள்.

அதற்குள் அரசு தன் கடமையைத் தொடங்கிவிட்டது. அரண்மனை வைத்தியர் கருணாகர பண்டிதர் அமைச்சரோடு மாசிலாமணியாரைச் சோதிக்க வந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லை பண்டிதரே. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறதில்லை. படுத்தா தூக்கம் வருது. நல்லாப் பசிக்குது.”

பண்டிதரின் முகம் இருண்டது. “பசி வேறா?” என்றார். பிறகு அமைச்சரைத் தனியே அழைத்துப் போய், “நோயாளி தனக்கு நோயில்லை என்கிறார். முற்றிய நிலை” என்றார்.

அமைச்சர் அங்கேயே மாசிலாமணியாரைப் படுக்கச் சொன்னார். “தங்கள் உடம்பு தங்களுடையது அல்ல, பெருந்தகையே. அது நாட்டின் அளவை. தாங்கள் விரும்பியபடி அதைப் பயன்படுத்தத் தங்களுக்கு உரிமை இல்லை.”

“நான்தான் நல்லா இருக்கேனே!”

“இருக்கலாம். ஆனால் முரசு அறைந்தாகிவிட்டது. அறைந்த முரசைத் திரும்ப வாங்கும் வழக்கம் இந்த நாட்டில் இல்லை.”

கட்டிலைச் சுற்றித் திரை கட்டினார்கள், வாசலில் காவல் போட்டார்கள். வேளைக்கு ஒரு செம்பு நெய்யும் ஒரு தாம்பாளம் லட்டும் வந்தன. மாசிலாமணியார் திரைக்குள் படுத்துக்கொண்டு, போர்வைக்கடியில் காலால் மட்டும் தாளம் போட்டார். அதைப் பார்த்த பண்டிதர் ‘கை கால் இழுப்பு’ என்று அறிவித்தார்.

நிறைநாள் வரை காத்திருக்க முடியாது என்று அரசு முடிவு செய்தது. தராசு இல்லாமலே பண்டிதர் தம் கண்ணால் மாசிலாமணியாரை நிறுத்தார். அவர் சொன்ன கணக்குப்படி நாட்டின் எடைக்கற்களையெல்லாம் சீவினார்கள். காசு அதே காசுதான். அரிசி குறைந்தது, உளுந்து குறைந்தது, உப்பும் குறைந்தது. அடுத்து, பெருவணிகர் பழையபடி பருப்பார் என்ற நம்பிக்கையை நாடு கைவிடவில்லை என்பதைக் காட்டும் பொருட்டு, வரி நெல்லை மட்டும் பழைய கல்லாலேயே நிறுப்பது என்று ஆணை வந்தது. நம்பிக்கை இல்லாதவர்கள் கையை உயர்த்தலாம் என்றார் அமைச்சர். யார் உயர்த்துவார்கள்? அதன் பிறகு பெருவணிகரைத் தேற்றுவதற்காக வீட்டுக்கு ஒரு கரண்டி நெய் ‘கவலைப் பங்கு’ என்று வசூலானது. அரண்மனைக்குப் போன நெய்யில் எவ்வளவு கட்டிலுக்குப் போனது என்று தெரியவில்லை. அமைச்சரின் இடுப்புக் கச்சையை மட்டும் இரண்டு முறை மாற்றித் தைத்தார்கள்.

செங்கமலத்தின் இட்லியும் சிறுத்தது.

“என்னக்கா இது? ஊதினா பறந்துடும் போலிருக்கு” என்றார்கள் வாடிக்கைக்காரர்கள்.

“நானா தம்பி சின்னதாக்கினேன்? அரிசிக் கல்லு சின்னதாச்சு.”

“அப்போ அவரு இளைச்சா உன் இட்லியும் இளைக்கணுமா?”

“இளைச்சான்னு சொல்லாதே. அடக்கமாப் பொலியுது” என்றாள் அவள்.

கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் மறுநாள் வரவில்லை. கைச்சுத்தமானவள் என்று பெயரெடுத்தவளை முதன்முறையாகத் ‘திருட்டுக் கை’ என்று ஒருவன் முதுகுக்குப் பின்னால் சொன்னான். அது அவள் காதில் விழுந்தது, சுருக்கென்று தைத்தது. கடையைக் கட்டிவிட்டுப் போகலாமா என்றுகூட நினைத்தாள். மாசிலாமணியாரின் குட்டை உடைத்தால் கடை பிழைக்கும். ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டதே.

நிறைநாள் வந்தது. அரண்மனை முன் பெரிய துலாபாரம் கட்டினார்கள். அமைச்சர் நல்லதொரு யோசனை வைத்திருந்தார்: மாசிலாமணியாரைக் கட்டிலோடு நிறுத்துவிட்டால் எடை குறைந்தது தெரியாது. எட்டுப் பேர் திரை போட்ட கட்டிலைத் தூக்கி வந்தார்கள். கூட்டம் விம்மியது. அரசர் எழுந்து நின்றார். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கினார்.

உள்ளே மூன்று தலையணைகளும், கடித்த லட்டு ஒன்றும் இருந்தன.

“போயிட்டாரு! நம்மை விட்டுப் போயிட்டாரு!” என்று கூட்டம் மாரில் அடித்துக்கொண்டது. பண்டிதர் தலையணையின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அந்த அழுகைக்கு நடுவில்தான் தெருக்கோடியிலிருந்து உறுமி கேட்டது. திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வரும் ஒயிலாட்டக் குழு, இழவு விழுந்தது தெரியாமல் ஆடிக்கொண்டு வந்தது. சலங்கை கலகலவென்று ஒலித்தது, சிவப்புத் துணிகள் ஒன்றாக வீசின. இரண்டாவது வரிசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் மற்றவர்களைவிட ஒரு சாண் உயரமாகத் துள்ளினார்.

செங்கமலம் பார்த்தாள். இனிமேல் என்ன வாக்கு?

“அந்தா பாருங்கய்யா! செத்துப் போனவரு ஆடுறாரு!”

அழுதுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன. பிறகு முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரிப்பு கூட்டம் முழுவதும் பரவியது. மாசிலாமணியார் நிறுத்தவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து, குனிந்து, நிமிர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றித் துணியை வீசினார். வாத்தியார் “ஏ மணி, காலு!” என்று பழக்கதோஷத்தில் அதட்டினார். மொட்டை போட்டவர்கள் தலையைத் தடவிக்கொண்டு சேர்ந்து ஆடினார்கள். அரசரின் கால்கூட அரியணைக்கடியில் தட்டியது.

அமைச்சர் மட்டும் முரசருகே போய், “ஆடுவதும் ஒரு நோயே” என்று தொடங்கினார். ஒருவர் காதிலும் விழவில்லை.

மாசிலாமணியார் வேர்வை வழிய அரசர் முன் வந்து கும்பிட்டார். “அரசே, என்னைத் தட்டிலேர்ந்து இறக்கி விடுங்க. நான் தும்மினா நாட்டுக்குச் சளி பிடிக்குது. ஒரு மனுசன் உடம்பை நம்பி இத்தனை வீட்டு உலை கொதிக்கக் கூடாது. எனக்கு ஆடணும்.”

“அளவைக்கு என்ன செய்வது?” என்றார் அரசர்.

“கல்லு வேணும்னா கல்லை வைங்க சாமி! மனுசனை எதுக்கு வைக்கிறீங்க?” என்று கூட்டத்திலிருந்து செங்கமலம் கத்தினாள். “என் ஆட்டுக்கல்லு கிடக்கு. பழைய மாசிலாமணி ஐயா கனம் கனக்கும்!”

ஒயிலாட்டக்காரர்கள் ஓடிப்போய் அவள் கடை ஆட்டுக்கல்லை உருட்டி வந்தார்கள். தட்டில் வைத்தார்கள். அதுவே இனி ஒரு பாரம் என்று அரசர் அறிவித்தார். புதிய எடைக்கற்கள் பழைய பருமனுக்கு வந்தன, வரிக்கும் கடைக்கும் ஒரே கல். ‘திருட்டுக் கை’ என்றவன் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, அடுத்த இட்லி எப்போது என்று கேட்டான். இரவெல்லாம் ஊர் ஆடியது.

பொழுது விடிந்ததும் செங்கமலம், ஊறிய உளுந்துக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்தாள். எடைக்கல் அடித்தாயிற்று, இனி ஆட்டுக்கல் தன்னிடம் வந்துவிடும் என்பது அவள் எண்ணம். அங்கே பந்தல் போட்டிருந்தது. ஆட்டுக்கல்லுக்குப் பட்டுப் போர்த்தியிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம், கவலை தோய்ந்த முகங்கள். முரசு முழங்கியது.

“ஆட்டுக்கல்லின் உடல்நிலை சீராக உள்ளது. இரவு நன்கு உறங்கியது. மக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம். எனினும் கல்லும் தேயக்கூடியதே என்பதால், கவலைப் பங்கு தொடரும்.”

காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். “பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.”

“பார்க்க வரலைய்யா, மாவாட்ட வந்தேன்” என்று ஈட்டியை விலக்கி உள்ளே போனாள். பட்டை உருவி எறிந்து, உளுந்தைக் கொட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். குழவி சுழன்றது. மாவு வெள்ளை வெளேரென்று பொங்கி வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பண்டிதர் குனிந்து பார்த்து, தழுதழுத்த குரலில் சொன்னார்:

“உணவு உட்கொள்கிறது!”

வெடி வெடித்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இட்லிக்காகக் கூட்டத்தின் கடைசியில், மோதிரம் இல்லாத கையில் தூக்கை ஆட்டிக்கொண்டு மாசிலாமணியார் நின்றிருந்தார். அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற ஆள் மட்டும், யாரென்று பார்க்காமலே அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்.

“ஏய்யா, நேத்துக்கு இன்னிக்குக் கல்லு கொஞ்சம் தேஞ்ச மாதிரி இல்லே?”

மாசிலாமணியாரின் கால்கள் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“ஆமாய்யா. எனக்கும் அப்படித்தான் தெரியுது. நாலு பேருகிட்ட சொல்லி வை.”